பிள்ளைக்கு என்ன தெரியும்?

ஆரணியின் நெசவாளர் தெருக்களில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்திருப்பதை அறிய யாரையும் கேட்க வேண்டியதில்லை. விடியலில் தொடங்கி விளக்கு வைத்த பின்னும் ஓயாத தறியோசை அங்கே நின்று போயிருக்கும். அண்டை வீட்டாரும் தத்தம் தறியை விட்டெழுந்து திண்ணையில் வந்து அமர்ந்திருப்பர். அப்படி ஓசை அடங்கிப்போன ஒரு வீட்டிற்குச் சில மாதங்களுக்கு முன் நாம் சென்றிருந்தோம். இறந்தவர் நாற்பது வயதைத் தாண்டாத நெசவுத் தொழிலாளி. நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழவில்லை. கூடத்தில் உடல் கிடத்தப்பட்டிருந்தது. தலைமாட்டில் பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுவர்த்திகளும் இருந்தன. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். மனைவியைத் தாங்கிப் பிடிக்க நால்வர் இருந்தனர்.

ஏழு வயது மகனைத் தாங்கிப் பிடிக்க எவரும் இல்லை. அவன் உள்ளறையில், குழித்தறியின் பலகைமேல், தந்தை நாள்தோறும் அமரும் அதே இடத்தில் அமர்ந்திருந்தான். குழிக்குள் தொங்கவிட்ட கால்கள் மிதியை எட்டவில்லை. பாதி நெய்த சேலை அவன் முன்னே விரிந்து கிடந்தது. அவன் அழவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

உறவுக்காரப் பெண் ஒருவர் வந்து அவன் கையைப் பற்றி இழுத்தார். "வாடா கண்ணு, அத்தை வீட்டுக்குப் போலாம். டி.வி. பாக்கலாம். அப்பா வெளியூர் போயிருக்காரு, வந்துடுவாரு" என்றார். நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். "பிள்ளைக்கு என்ன தெரியும்? விடுங்க" என்றார் அருகில் நின்ற பெரியவர். நாமும் விட்டுவிட்டோம். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகே பையன் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டான்.

பிள்ளைக்கு என்ன தெரியும்? தமிழ் நாட்டின் துக்க வீடுகளில் இதைவிட அதிகமாக ஒலிக்கும் கேள்வி இல்லை. இதைவிடக் கொடிய கேள்வியும் இல்லை என்று துணிந்து சொல்ல விரும்புகிறோம். கேட்பது போன்ற தோற்றம் கொண்ட இச்சொற்றொடர் உண்மையில் எதையும் கேட்பதில்லை. அது ஒரு தீர்ப்பு. குழந்தைக்குத் துயரம் கிடையாது, துயரம் இருந்தாலும் நினைவில் நிற்காது, நினைவில் நின்றாலும் அதைப்பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்னும் முப்பெரும் பொய்களை ஒரே மூச்சில் சொல்லிவிடும் தீர்ப்பு. அன்று அதற்கு எதிராக வாய் திறவாத குற்றத்திற்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஸ்பெயின் காட்டிய குழந்தை

தறிப்பலகையில் அமர்ந்திருந்த அச்சிறுவனின் கண்களை நாம் முன்பே ஓரிடத்தில் பார்த்திருந்தோம். வீடு திரும்பிய பின்தான் அது எங்கே என்று விளங்கிற்று. ஸ்பெயின் நாட்டின் திரைப்படங்கள் சிலவற்றில் அதே கண்கள் உண்டு. இழப்பைச் சந்தித்த குழந்தையை அந்நாட்டுக் கலைஞர்கள் பார்த்ததுபோல் உலகில் மிகச் சிலரே பார்த்திருக்கின்றனர். அதற்குக் காரணமும் உண்டு. 1936 முதல் 1939 வரை நடந்த உள்நாட்டுப் போர் அந்நாட்டைச் சுடுகாடாக்கிற்று. ஆயிரக்கணக்கான குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டனர். வென்ற பக்கத்தினர் தோற்றவர்களைக் கொன்று பெயரில்லாக் குழிகளில் புதைத்தனர். அதன்பின் 1975 இல் தளபதி பிராங்கோ இறக்கும்வரை, தோற்றவர்களின் பிள்ளைகள் தம் இறந்தோரைப் பற்றி உரக்கப் பேசவும் இயலவில்லை. திருச்சபையின் பெரும்பகுதி வென்றவர் பக்கம் நின்றது என்பதையும் கத்தோலிக்கராகிய நாம் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் வாயடைத்துப் போன நாட்டில் கலைஞர்கள் குழந்தைகளின் கண்களைக் கடன் வாங்கினர்.

விக்தோர் எரிசே 1973 இல் எடுத்த 'தேன்கூட்டின் ஆவி' என்னும் படம் 1940 ஆம் ஆண்டுக் காஸ்தில்யச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. ஊருக்கு வந்த நாடோடித் திரைக்காட்சியில் ஆனா என்னும் சிறுமி 'பிராங்கன்ஸ்டைன்' படத்தைப் பார்க்கிறாள். அந்தப் பூதம் ஏன் சிறுமியைக் கொன்றது, பிறகு ஏன் பூதத்தைக் கொன்றார்கள் என்று அக்காளிடம் கேட்கிறாள். சினிமாவில் எல்லாம் பொய், அது சாகவில்லை, அது ஓர் ஆவி என்று அக்காள் ஒரு கதை கட்டிவிடுகிறாள். ஆனா அதை நம்புகிறாள். பாழடைந்த கொட்டிலில் பதுங்கியிருக்கும் தப்பியோடிய மனிதன் ஒருவனுக்கு ஆப்பிள் கொடுக்கிறாள், தந்தையின் மேலங்கியைக் கொடுக்கிறாள். ஒரு நாள் அவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். கொட்டிலில் இரத்தக் கறையை மட்டும் அவள் காண்கிறாள். ஏன் என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. அவள் வீட்டைவிட்டு ஓடிப்போகிறாள். நேர்மையாகக் கேட்ட கேள்விக்குப் பொய்யே விடையாகக் கிடைத்தால் குழந்தை அப்பொய்யைத் தொடர்ந்து எவ்வளவு தூரம் நடந்து செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே ஆனா தொரெந்த் என்னும் சிறுமியை வைத்துக் கார்லோஸ் சவுரா எடுத்த 'காகங்களை வளர்' 1976 இல் வெளிவந்தது. காகத்தை வளர்த்தால் அது உன் கண்ணைக் கொத்தும் என்னும் ஸ்பானியப் பழமொழியிலிருந்து பிறந்த தலைப்பு அது. தாய் நோயில் துடித்து இறந்ததை ஆனா பார்த்திருக்கிறாள். தாய்க்குத் துரோகம் செய்த தந்தையும் பிறகு இறக்கிறார். தன்னிடம் உள்ள வெள்ளைத் தூள் கொடிய நஞ்சு என்றும், அதைப் பாலில் கலந்து தானே தந்தையைக் கொன்றதாகவும் அவள் நம்புகிறாள். உண்மையில் அது சமையல் சோடா. எவருக்கும் தெரியாத இக்குற்றச் சுமையோடு அவள் வளர்கிறாள். பெட்டியில் கிடத்தியிருக்கும் தந்தையை முத்தமிடுமாறு பெரியம்மா பிள்ளைகளுக்குக் கட்டளையிடுகிறார். ஆனா மறுத்துவிடுகிறாள். அக்காட்சியைக் காணும் நம்மில் எத்தனை பேருக்கு நம் வீட்டுத் துக்கங்கள் நினைவுக்கு வரும்! "போ, தாத்தாவுக்கு முத்தி கொடு" என்று கதறும் பிள்ளையைத் தூக்கிப் பிணத்தின் முகத்தில் அழுத்தியதைப் பார்த்திராதவர் உண்டோ? ஒன்று துரத்துகிறோம், இல்லையேல் திணிக்கிறோம். இரண்டிலும் குழந்தையைக் கேட்பதில்லை.

அப்படத்தில் தாயாக நடிக்கும் ஜெரால்டின் சாப்ளினே வளர்ந்த ஆனாவாகவும் வருகிறார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து அவள் நம்மை நோக்கிப் பேசுகிறாள். குழந்தைப் பருவமே வாழ்வின் இனிய பருவம் என்பாரைத் தன்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை என்கிறாள். நினைவில் நிற்காது என்று நாம் முடிவுகட்டிய எல்லாம் அவளுக்கு நினைவிலிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு படம். கார்லா சிமோன் என்னும் பெண் இயக்குநர் 2017 இல் எடுத்த 'கோடை 1993'. எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த ஆறு வயது பிரிதாவை மாமன் குடும்பம் பார்சலோனாவிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அழைத்துச் செல்கிறது. இது இயக்குநரின் சொந்தக் கதை. பிரிதா அழுவதில்லை. பொம்மைகளை அடுக்குகிறாள், தங்கைமுறைப் பிள்ளையை ஏமாற்றுகிறாள், பொய் சொல்கிறாள், அடம்பிடிக்கிறாள். தோட்டத்துப் பக்கம் உள்ள மாதா சுரூபத்தின் காலடியில் அம்மாவுக்கென்று பொருள்களை வைத்துவிட்டு வருகிறாள். பார்ப்போர் அவளைக் கெட்ட பிள்ளை என்று எளிதில் சொல்லிவிடலாம். படத்தின் இறுதியில், கட்டிலில் குதித்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, காரணமே இன்றி அவள் உடைந்து அழுகிறாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள். மாதங்கள் கடந்து வந்த கண்ணீர் அது. புதிய பெற்றோர் அவளை அணைத்துக்கொள்கின்றனர், அவ்வளவே. அவர்கள் அவளுக்கு ஆறுதல் மொழி எதுவும் கற்பிக்கவில்லை.

நம் திரையில் வழியும் கண்ணீர்

இனி நம் தமிழ்த் திரைக்கு வருவோம். நம் படங்களில் தாயற்ற பிள்ளைகளுக்கும் தந்தையற்ற பிள்ளைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அப்பிள்ளைகள் அழுவது யாருக்காக? 1960 இல் வெளிவந்த 'களத்தூர் கண்ணம்மா'வில் அநாதை இல்லத்தில் வளரும் சிறுவனாகக் கமல்ஹாசன் அறிமுகமானார். அச்சிறுவன் இறைவனை நோக்கிப் பாடும் பாடலை எம்.எஸ். இராஜேஸ்வரி தம் குரலில் பாடிக்கொடுத்தார். நாடே உருகிற்று. அப்பாடலின் அருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதில் பேசுவது பெரியவர் எழுதிய துயரம், பெரியவர் குரலில் ஒலிக்கும் துயரம். குழந்தையின் துயரமோ தறிப்பலகையில் ஓசையின்றி அமர்ந்திருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் திரை, அழாத குழந்தையை அழவைத்து, அந்த அழுகையைக் காட்டி நம்மை அழவைத்து, வீட்டுக்கு அனுப்பிவருகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும் நமக்கு நம் இளகிய மனத்தைப் பற்றி ஒரு திருப்தி. அவ்வளவுதான்.

இன்று தொலைக்காட்சியும் கைபேசியும் அதே வேலையைச் செய்கின்றன. விபத்தில் பெற்றோரை இழந்து நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கியை நீட்டி, எப்படி உணர்கிறாய் என்று கேட்கின்றனர். அப்பிள்ளை விம்மும்வரை காமிரா காத்திருக்கிறது. விம்மாவிட்டால் அது செய்தியாவதில்லை.

எனினும் விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். மணிரத்னத்தின் 'அஞ்சலி' (1990) ஒரு தந்தையின் பொய்யில் தொடங்குகிறது. பிறந்த குழந்தை இறந்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, நோயுற்ற மகளை மறைவாக வளர்க்கிறார் அவர். நன்மை கருதிச் சொன்ன அப்பொய், உண்மை வெளிப்படும்போது அக்குடும்பத்தையே உலுக்குகிறது. அதே இயக்குநரின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) எதிர்த்திசையில் நடக்கிறது. ஒன்பதாவது பிறந்த நாளில் அமுதாவிடம் அவள் தத்துப்பிள்ளை என்னும் உண்மையைப் பெற்றோர் சொல்லிவிடுகின்றனர். அவள் நொறுங்குகிறாள், ஓடுகிறாள், வளர்த்த தாயை வெறுக்கிறாள். ஆனால் பெற்றோர் உண்மையிலிருந்து பின்வாங்குவதில்லை. போர் மூண்ட இலங்கைக்கே அவளை அழைத்துச் செல்கின்றனர். பெற்றவளைக் கண்டு அவள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கிடைப்பதில்லை. விடை கிடைக்காவிட்டாலும் கேட்க விட்டார்களே, அதுவே அப்படத்தின் பெருமை.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2024 ஆகஸ்டில் வந்த மாரி செல்வராஜின் 'வாழை'. ஸ்பெயினின் கார்லா சிமோன் செய்ததையே தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்து மைந்தர் செய்திருக்கிறார்: தம் சொந்தச் சிறுவயதுத் துயரத்தைப் பல்லாண்டு கழித்துத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பள்ளி இல்லாத நாட்களில் வாழைத்தார் சுமக்கும் சிவனணைந்தான், பள்ளிக்கூட ஆட்டத்துக்காக ஒரு நாள் வேலைக்குப் போகாமல் தப்பிக்கிறான். அன்று தார் ஏற்றிய லாரியின் மேல் அமர்ந்து திரும்பிய ஊரார், லாரி கவிழ்ந்து மடிகின்றனர். அவன் அக்காளும் அவர்களில் ஒருத்தி. நாள் முழுதும் பட்டினி கிடந்து வீடு சேரும் சிறுவன் ஒப்பாரிக்கு நடுவில் சோற்றைத் தேடுகிறான். துக்க வீட்டில் பசிக்கும் பிள்ளை! அதைப்போல் நாணத்தையும் வேதனையையும் ஒருங்கே தரும் காட்சியைத் தமிழ்த் திரை முன்பு கண்டதில்லை என்றே சொல்வோம். பிள்ளையின் துயரம் பசியோடு கலந்திருக்கும், விளையாட்டோடு கலந்திருக்கும், தான் பிழைத்ததற்கான குற்றவுணர்வோடு கலந்திருக்கும். நாம் எதிர்பார்க்கும் உருவில் அது வருவதில்லை. ஆகவேதான் அது நம் கண்ணில் படுவதில்லை.

நாம் கொண்டாடிய மார்செலினோ

இங்கே நம் சொந்த வீட்டையும் சற்றுப் பெருக்க வேண்டியிருக்கிறது. கத்தோலிக்க உலகம் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஸ்பானியப் படம் ஒன்று உண்டு: 1955 இல் லதிஸ்லாவோ வாஹ்தா எடுத்த 'மார்செலினோ, அப்பமும் இரசமும்'. பிரான்சிஸ்கன் மடத்து வாசலில் விடப்பட்ட குழந்தையைப் பன்னிரு துறவியர் வளர்க்கின்றனர். பரணில் உள்ள பாடுபட்ட சுரூபத்துக்குச் சிறுவன் அப்பமும் இரசமும் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஆண்டவர் இறங்கி வந்து உண்கிறார். என்ன வேண்டும் என்று கேட்க, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறான். ஆண்டவரின் மடியிலேயே அவன் உயிர் பிரிகிறது.

அதன் விசுவாச அழகை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அப்படத்தைப் பார்த்து உருகிய நாம் அதில் ஒன்றைப் பார்க்கத் தவறினோம். மடத்தில் அன்புக்குக் குறைவில்லை. எனினும் தாய்க்காக ஏங்கும் அச்சிறுவன் கண்ணுக்குத் தெரியாத தோழன் ஒருவனைக் கற்பனையில் படைத்துக்கொண்டு பேசுகிறான். மனத்தில் உள்ளதைச் சொல்ல அவன் தேடிப் போனது பரணில் இருந்த சிலையை. ஏக்கம் தீர அவன் சாக வேண்டியிருந்தது. புதுமையை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது கேட்க ஆளில்லாத ஒரு பிள்ளை. "கொடுத்து வைத்தவன், வானதூதன் ஆகிவிட்டான்" என்று நாம் கண்களை ஒற்றிக்கொண்டோம். துக்க வீட்டிலும் அதையே செய்கிறோம். "சாமிக்குப் பிடிச்சுப் போச்சு, எடுத்துக்கிட்டார்" என்று பிள்ளையிடம் சொல்கிறோம். அன்று முதல் அப்பிள்ளை, தனக்குப் பிடித்தவரையெல்லாம் எடுத்துக்கொள்ளும் அந்தச் சாமியை எண்ணி இரவில் நடுங்குவது நமக்குத் தெரியுமா?

புனிதர்களும் சாட்சி சொல்கின்றனர்

சினிமாக்காரர் சொல்வதை ஏற்கத் தயங்குவோர் புனிதர்கள் சொல்வதையேனும் கேட்கட்டும். நம் ஆலயங்கள் பலவற்றில் ரோசா மலர்களோடு நிற்கும் சிறுமலர், லிசியே நகர்ப் புனித தெரேசா, தாய் செலியை இழந்தது 1877 ஆகஸ்ட் 28 இல். அப்போது அவருக்கு நான்கரை வயது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1895 இல், மடத்துத் தலைவியின் பணிப்பால் எழுதத் தொடங்கிய தன்வரலாற்றில் அந்நாட்களை அவர் நினைவுகூர்கிறார். தாம் அதிகம் அழவில்லை என்கிறார். மனத்தில் இருந்ததை எவரிடமும் சொல்லவில்லை என்கிறார். தம்மைக் கவனிக்க எவருக்கும் நேரமில்லாததால், மறைக்க விரும்பிய பலவற்றையும் தாம் கண்டதாகச் சொல்கிறார். நிமிர்த்தி வைத்திருந்த சவப்பெட்டி மூடியின் முன் சிறுமியாகத் தாம் தனியே நின்றதையும், அது எவ்வளவு பெரிதாகத் தோன்றியது என்பதையும் எழுதுகிறார். பதினெட்டு ஆண்டுகளில் எதுவும் அழியவில்லை. இப்பக்கங்களைப் படித்துவிட்டு எவராவது "பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று கேட்பாராயின், அவர் சிறுமலரின் சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றுவதை நிறுத்திவிடலாம்.

இன்னொரு சாட்சி புனித அகுஸ்தினார். 387 இல் ஒஸ்தியா நகரில் தாய் மோனிக்கா கண்மூடிய கணத்தில், அவருடைய இளம் மகன் அதெயோதாத்துஸ் வாய்விட்டு அலறினான். சூழ நின்ற பெரியவர்கள் எல்லாரும் அவனை அடக்கினர், அவன் அடங்கினான். பரிசுத்தமான மரணத்துக்கு ஓலம் தகாது என்று அவர்கள் கருதினர். அகுஸ்தினாரும் தம் கண்ணீரை இறுக அடக்கினார். ஆனால் பின்னர்த் தனிமையில் அவர் உடைந்து அழுததையும், அந்த அழுகை தமக்கு அளித்த ஆறுதலையும் அவரே 'ஒப்புதல்'களில் எழுதியிருக்கிறார். பிள்ளை செய்ததையே முனிவரும் இறுதியில் செய்தார். பெத்தானியாவில் சில நிமிடங்களில் உயிர்ப்பிக்கப் போகும் நண்பனுக்காக ஆண்டவரும் கண்ணீர் விட்டார் அன்றோ? உயிர்ப்பை நம்புகிறவன் அழக்கூடாது என்னும் சட்டத்தை நம் திருமறை எங்கும் எழுதி வைக்கவில்லை.

மறுப்புகளுக்கு மறுமொழி

சிலர் சொல்வர்: "எங்களையும் இப்படித்தான் வளர்த்தார்கள். நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்?" நன்றாக இருக்கிறோமா? தந்தையின் பெயரைச் சொன்னாலே பேச்சை மாற்றும் நாற்பது வயதுக்காரரை நாம் அறிவோம். சாவு வீட்டுக்குக் குடித்துவிட்டு மட்டுமே வரத் தெரிந்த ஆண்களை அறிவோம். ஏனோ தெரியாது, மல்லிகை மணத்தைத் தாங்க முடியாத பெண்களை அறிவோம். பட்டு நெய்யும் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அக்கணமே தறியை நிறுத்தி அதை முடிந்தாக வேண்டும். ஓர் இழைதானே என்று விட்டு நெய்துகொண்டே போனால் அந்த இடம் சேலையின் நீளம் முழுவதும் கோடாக ஓடும். எவ்வளவு சரிகை போட்டாலும் அது மறையாது.

வேறு சிலர் சொல்வர்: "வறுமைப்பட்ட நெசவாளிக்குப் பிள்ளையின் மனத்தைப் பார்க்க ஏது நேரம்? துக்கம் கொண்டாட வசதி வேண்டும்." இம்மறுப்பில் நியாயம் உண்டு. கோர்வைச் சேலை நெய்ய, கரைப்பக்கத்து நாடாவைத் தள்ள உடன் ஒருவர் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பிள்ளைகளே அமர்ந்தனர். தந்தை இறந்தால் துணைக்கு இருந்த பிள்ளை மறுவாரமே முழு நெசவாளியாகும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அதன் தலையில் ஏறும். அழக்கூட நேரமின்றித் தறியேறிய அத்தலைமுறையின் பிள்ளைகள் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர் என்றால், அது சட்டத்தாலும் போராட்டத்தாலும் கிடைத்தது. கையை விடுவித்த நாம் மனத்தை விடுவிக்கக் கூடாதா? அருகில் அமர்ந்து ஒரு கையைப் பற்றிக்கொள்ள எந்த வசதியும் வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு அரசின் பெயரால் வரும்: "பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத்தான் உதவி வழங்கப்படுகிறதே!" ஆம், வழங்கப்படுகிறது, பாராட்ட வேண்டும். 2021 இல் கொரோனாவால் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்குத் தலா 5 இலட்சம் ரூபாயைத் தமிழக அரசு வைப்புத் தொகையாக அறிவித்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் ஞாயிறன்று, கடல் பொங்கி வேளாங்கண்ணியிலும் நாகைக் கடலோரத்திலும் உயிர்களை அள்ளிச் சென்றபோது, அநாதைகளான பிள்ளைகளுக்கு அரசும் திருச்சபையும் இல்லங்கள் அமைத்தன. பணம் பதினெட்டு வயதில் வட்டியோடு கைக்கு வரும். அதே பதினெட்டு ஆண்டில் துயரமும் வட்டியோடு வளர்கிறது என்பதை எந்தக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்?

செய்ய வேண்டுவன

எதிர்த்துப் பேசுவது எளிது. என்ன செய்யலாம் என்று கேட்பது முறை. முதலாவது, பொய் சொல்லாதிருப்போம். "வெளியூர் போயிருக்கிறார்", "தூங்குகிறார்" என்னும் சொற்களைத் துக்க வீட்டிலிருந்து விலக்குவோம். தூங்குகிறார் என்று கேட்ட பிள்ளை தூங்க அஞ்சும். "அப்பா இறந்துவிட்டார். இனி அவருடைய உடல் எழாது. நாம் அவருக்காக வேண்டிக்கொள்வோம். உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்." இவ்வளவும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லலாம். மரணம் திரும்பிவராத ஒன்று என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் உணரத் தொடங்கிவிடுகின்றனர். "உன்னால் இது நேரவில்லை" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'காகங்களை வளர்' படத்து ஆனாவிடம் அந்த ஒரு சொல்லை எவரேனும் சொல்லியிருந்தால்!

இரண்டாவது, பிள்ளையைக் கேட்போம். உடலைப் பார்க்க விரும்புகிறாயா, கல்லறைக்கு வருகிறாயா, ஒரு பிடி மண் இடுகிறாயா என்று கேட்போம். விரும்பினால் அருகில் நின்று அழைத்துச் செல்வோம், விரும்பாவிட்டால் வற்புறுத்தாதிருப்போம்.

மூன்றாவது, ஒவ்வோர் அன்பியமும் ஒன்றைத் தன் கடமையாகக் கொள்ளட்டும். துக்க வீட்டில் பந்தலுக்கு ஒருவர், பெட்டிக்கு ஒருவர், கோவிலில் சொல்ல ஒருவர் என்று பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்கிறோம். பிள்ளையோடு இருக்க ஒருவர் என்று இனிமேல் சேர்த்துக்கொள்வோம். அவருக்கு வேறு வேலை வேண்டாம். பிள்ளைக்குப் பசித்தால் சோறு போடட்டும். விளையாடினால் உடன் விளையாடட்டும். கேட்டால் பதில் சொல்லட்டும். கேட்காவிட்டால் அருகில் இருக்கட்டும்.

நான்காவது, நினைவை மூடாதிருப்போம். முப்பதாம் நாள் திருப்பலியோடு பேச்சு நின்றுவிடுகிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் நாம் விளக்கேற்றிப் பூவிட்டு விரைந்து திரும்புகிறோம். அன்று அக்கல்லறையருகே அமர்ந்து, "உன் அப்பா இப்படிச் சிரிப்பார், இந்தப் பாட்டைப் பாடுவார்" என்று பிள்ளைக்குச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மறைக்கல்வி ஆசிரியர்களும் இதைத் தம் வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டவர் பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடச் சொன்னபோது, சிரிக்கும் பிள்ளைகளை மட்டும் என்று சொல்லவில்லை.

இதை எழுதுமுன் அந்த வீட்டுக்கு மீண்டும் சென்றோம். தறி ஓடிக்கொண்டிருந்தது. இறந்தவரின் தம்பி அமர்ந்து நெய்கிறார். பாதியில் நின்ற சேலை எப்போதோ முடிந்து போயிற்று. பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டோம். நன்றாகப் படிக்கிறான், சேட்டை அதிகம் என்றார் தாய். பிறகு சற்றுத் தயங்கி ஒன்றைச் சொன்னார். மாலையில் தெருவில் டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்டால் எழுதிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறானாம். வண்டி கடந்து போனதும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறானாம். அவனுடைய தந்தை அத்தகைய வண்டியில்தான் பட்டு நூல் வாங்கி வருவார். அப்பா வெளியூரிலிருந்து வந்துவிடுவார் என்றல்லவா நாம் அவனிடம் சொல்லியிருக்கிறோம்?

அன்று மாலை அவனை அழைத்துக்கொண்டு தாயும் நாமும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். வழியில் அவன் கேட்ட முதல் கேள்வியை இங்கே எழுதப்போவதில்லை, அது அவனுடையது. அதற்கு அவன் தாய் உண்மையான பதிலைச் சொன்னார் என்பதை மட்டும் எழுதலாம். பிள்ளைக்கு எல்லாம் தெரியும். நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.